மேல் தட்டு, அறுபத்திரண்டு பெட்டி

ஜூன் 28, செவ்வாய்

காலையில் அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டே கேள்வி கேட்டாள். தினமும் எங்கள் வீட்டில் நடக்கும் கூத்து இது. புத்தகம் மேசை ஓரத்தில் விரித்திருக்கும், இஸ்திரிப் பெட்டி அவள் கையில். கணக்கியலில் அண்ணிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நான் தடுமாறினால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறாள். "நீ ம்ம்ம்னு இழுத்தாலே தப்புன்னு அர்த்தம். முதல்லேருந்து சொல்லு, ஆடிட்டரம்மா" என்கிறாள்.

தணிக்கைத் தாளில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. முதல் முறை ஐந்து மதிப்பெண்ணில், அடுத்த முறை இரண்டே இரண்டு மதிப்பெண்ணில். நவம்பரில் மூன்றாவது படையெடுப்பு. ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி மூன்று வருடமும் டிசம்பரோடு முடிகிறது. இரண்டும் கைகூடினால் உரிமம், சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடும் தகுதி. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அண்ணன்தான். கல்லூரி, பரீட்சை, புத்தகம், பஸ், எல்லாம் அவன் காசு. இன்னொரு முறை தோற்றுவிட்டு அவன் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?

நாளை மறுநாள் ஸ்டாக் எண்ணும் வேலை. குழாய் விற்கும் கம்பெனியின் கிடங்கு. அன்று சாயங்காலமே கல்லூரியில் மாதிரித் தேர்வு. இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 30, வியாழன்

எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

கிடங்கு வாசலில் என்னை இறக்கிவிட்டு எங்கள் சீனியர் முன் அலுவலகத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'நேத்தே'. எந்த வேலையைக் கொடுத்தாலும் "இது நேத்தே முடிஞ்சிருக்கணும்" என்பார். இன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

கிடங்கில் ஒரு அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்டோர் பொறுப்பை இன்றைக்குத்தான் ஏற்கிறாராம். முன்னால் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். "நீங்க எண்ணிக் குடுக்கற கணக்கத்தான் நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கப் போறேன். அதனால நல்லா எண்ணிடும்மா" என்றார். கீழ்த்தட்டு, நடுத்தட்டு இரண்டையும் சேர்ந்தே எண்ணினோம். எல்லாம் சரியாக இருந்தது. மேல் தட்டில் பித்தளைக் குழாய்கள். இருப்பு அட்டைப்படி அறுபத்திரண்டு பெட்டி, ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு. அதற்கு ஏணி வேண்டும். அக்காவுக்கு முட்டி வீங்கியிருந்தது. "என்னால ஏற முடியாது. ஏணி அந்தச் சுவத்துல சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு, சாவி என்கிட்ட இருக்கு, கேளு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே லாரி வந்து நின்றது. சரக்கு இறக்கப் போனார். போகும்போது தன் நாற்காலியை இழுத்து மின்விசிறிக்கு நேராகப் போட்டுவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன். பையில் புத்தகம் இருந்தது. பத்து நிமிடம் படிக்கலாம் என்று எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. படித்தது எந்த அத்தியாயம் என்று எழுதக் கை கூசுகிறது. 'கையிருப்பை நேரில் சரிபார்த்தல்.'

அதற்குள் நேத்தே போன் செய்தார். "முடிஞ்சுதா?" கீழே நின்று பார்த்தால் முன்வரிசைப் பெட்டிகள் தெரிந்தன. டேப் ஒட்டி, ஒழுங்காக அடுக்கி இருந்தது. இருப்பு அட்டையைப் பார்த்து அறுபத்திரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் பச்சைப் பேனாவால் டிக் போட்டேன். 'நேரில் எண்ணப்பட்டது.' கீழே என் கையெழுத்து.

அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாளைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா?" என்றார். "முடிஞ்சுதுக்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மாதிரித் தேர்வு நன்றாக எழுதினேன்.

ஜூலை 1

நேத்தே என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு "டிக்கெல்லாம் ஒரே அளவுல அழகா இருக்கு" என்றார். கோப்பில் போட்டு நூல் கட்டியாயிற்று. அவ்வளவுதான். போன வருடம் கணக்கு எங்கே இருந்ததோ அதே இடத்தில்தான் இந்த வருடமும் இருக்கும். அறுபத்திரண்டு பெட்டி எங்கே ஓடிவிடப்போகிறது? எல்லோரும்தான் இப்படிச் செய்கிறார்கள்.

எல்லோருமா? எனக்குத் தெரிந்து யார்? ஒருத்தரையும் தெரியாது.

ஜூலை 19, செவ்வாய்

இன்று வகுப்பில் பேராசிரியர் கேட்டார்: "ஸ்டாக் எண்ணப் போனா, மேல இருக்கற பெட்டிய என்ன பண்ணுவீங்க?" எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து சொன்னேன். ஏற வேண்டும், கையால் தொட்டு எண்ண வேண்டும், எங்காவது நடுவிலிருந்து சில பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும், காலிப் பெட்டியை அடுக்கி ஏமாற்றுவது பழைய தந்திரம், தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். கடகடவென்று ஒப்பித்தேன். "பாருங்க, வேலை செஞ்சு கத்துக்கிட்டவங்களுக்கும் மனப்பாடம் பண்றவங்களுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

காது சூடாகிவிட்டது. குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தேன்.

ஆகஸ்ட் 11

படிப்பு. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 26, திங்கள்

குழாய்க் கம்பெனியிலிருந்து தகவல். மேல் தட்டுப் பெட்டிகளை ஒரு பெரிய ஆர்டருக்காக இறக்கியிருக்கிறார்கள். பின்வரிசையில் பத்தொன்பது பெட்டிகளில் குழாய் இல்லை. கிழிந்த அட்டையை உள்ளே திணித்து டேப் ஒட்டியிருந்ததாம்.

நேத்தே வந்து என் மேசையில் கையை ஊன்றிச் சொன்னார். "நல்லவேளை, நாம ஜூன்ல எண்ணிட்டோம். அப்ப முழுசா இருந்துச்சுன்னு நம்ம தாள் சொல்லுது. அதுக்கு அப்புறம் போயிருக்கு. ஸ்டோரைப் பாத்துக்கறது அந்தம்மாதானே."

கையில் பச்சைப் பேனா இருந்தது. மூடி டிராயருக்குள் போட்டேன்.

போனது ஜூனுக்கு முன்னாலேதான். ஏணி ஏற முடியாத அந்த அக்காவா எடுத்திருப்பார்? முன்னால் இருந்தவன் திடீரென்று ஓடிப்போனானே, எதற்கு? நான் ஏணி ஏறவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த அக்காவுக்கும் தெரியும். என் டிக் இருப்பதால் அவர் திருடி ஆகிவிட்டார். ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு எங்கள் ஆடிட்டர் மேடம் வெளியூர். நாளை மறுநாள்.

செப்டம்பர் 28, புதன்

சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதோடு போகவில்லை.

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். அலுவலகம் அவருடையது. நான் எந்தத் தாளில் என்ன எழுதினாலும் கடைசியில் அதன் கீழே வருவது அவர் கையெழுத்து. "அந்தம்மா ஒண்ணு சொல்றாங்க. நீ ஏணியே ஏறலையாம். ஏணி பூட்டியே இருந்துச்சாம், சாவி அவங்ககிட்டயே இருந்துச்சாம். அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னு கம்பெனில கேட்டதுக்கு, முதல் நாளே வம்பு வேணாம்னு போட்டேங்கறாங்க. யாரு நம்புவா? இருந்தாலும் உன்னைக் கேக்கறது என் கடமை. ஏறி எண்ணினியா?"

"எண்ணினேன் மேடம்."

அதோடு நிறுத்தினேனா? "நடுவுலேருந்து ரெண்டு பெட்டி திறந்தும் பாத்தேன்" என்றேன். யாருடி கேட்டா உன்னை? ஏறினியான்னுதானே கேட்டாங்க? ரெண்டு பெட்டி எங்கேருந்துடி வந்துச்சு உன் வாய்ல? சாவி? அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தேன். வேற ஏணி ஒண்ணு இருந்துச்சுன்னு. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்.

மேடம் கேட்கவில்லை. "போதும். உன் வார்த்தை போதும் எனக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முகத்தைப் பார்த்து "என்ன, காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

அக்டோபர் 3

அந்த அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காணாமல் போனதற்கு ஈடாக அவருக்குச் சேர வேண்டியதையும் பிடித்துக்கொண்டார்களாம். போலீசுக்குப் போகாததே பெரிய தயவாம்.

அக்டோபர் 4

நவம்பர் முடியட்டும். தேர்வு எழுதிவிட்டு மறுநாளே சொல்கிறேன். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்? இப்போது சொன்னால் பயிற்சி போச்சு, பயிற்சி போனால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். அண்ணன் கட்டிய காசு எல்லாம் தண்ணீரில்.

எழுதிப் படித்துப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை படித்துவிட்டேன்.

அக்டோபர் 14, வெள்ளி

கல்லூரிக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் ஒரு ஃபைல். வேலை தேடி அலைகிறார் போல. முட்டிக்கு உறை போட்டிருந்தார். என்னை அவரும் பார்த்துவிட்டார். ஓடிவந்து முடியைப் பிடித்து உலுக்குவார் என்று நினைத்தேன். உலுக்கியிருக்கலாம். பக்கத்தில் நின்றிருந்தவர்களைக் கடந்து நிறுத்தத்தின் அந்தக் கோடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடக் கூடத் துப்பில்லை எனக்கு.

வகுப்பில் இன்றைய பாடம் தொழில் நெறிகள். வருகைப் பதிவேட்டில் மட்டும் நான் இருந்தேன்.

நவம்பர் 9, புதன்

தணிக்கைத் தாள் முடிந்தது. கேள்விகள் எல்லாம் தெரிந்தவை. நேரம் மிச்சம் இருந்தது. வெளியே வந்ததும் எல்லோரும் விடைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நவம்பர் 10

மறுநாளே சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். இன்றுதான் அந்த மறுநாள். மேடம் அறை வாசல் வரை போனேன். "என்னம்மா?" என்றார். "ஸ்டேப்ளர் வேணும் மேடம்" என்றேன்.

ஸ்டேப்ளரோடு வந்து உட்கார்ந்தேன்.

ஜனவரி 12, வியாழன்

பாஸ். தணிக்கையில் எழுபத்தொன்று. கல்லூரியிலேயே அந்தத் தாளில் நான்தான் முதல்.

அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றிவிட்டான். இருபத்து நான்கு வயதுக் கழுதையை! இறக்கிவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணி இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்ததில் அவன் சட்டை கருகிப்போனது. "போனாப் போகுது, ஆடிட்டர் வீட்டுச் சட்டை!" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரிக்க வருகிறது எனக்கு.

ஜனவரி 30, திங்கள்

உரிமத்துக்கு விண்ணப்பிக்க, பயிற்சி கொடுத்தவர் ஒரு நன்னடத்தைக் கடிதம் தர வேண்டும். மேடம் எழுதித் தயாராக வைத்திருந்தார். "படிச்சுப் பாரு" என்று நீட்டினார்.

நல்ல நல்ல வார்த்தைகள். கடின உழைப்பு, பொறுப்பு. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'ஒரு வாடிக்கையாளரின் இருப்புக் குறைவு குறித்த விசாரணையின்போது, நெருக்கடியிலும் தடுமாறாமல் உண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தார். இவரது நேர்மையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.'

"இந்த மாதிரி ஒரு சம்பவம் சேர்த்தா கடிதத்துக்கு வெயிட்டு. சும்மா நல்லவள்னு எழுதினா யாரு படிப்பா?" என்றார். தோளைத் தட்டிக்கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். பையில் இருக்கிறது. பையைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஜனவரி 31, செவ்வாய்

அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். காலையில், இருவரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில். அதுதான் எனக்குத் தெரிந்த தைரியம். சொல்லிமுடித்ததும் அவர்கள் போய்விடுவார்கள் அல்லவா? இரண்டு பேருமே போகவில்லை.

அண்ணன் முதலில் புரியாமல் கேட்டான், பிறகு புரிந்து கேட்டான், அப்புறம் கத்தினான். "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? எல்லாம் முடிஞ்சு போச்சு. கையில லெட்டர் வந்தாச்சு. இப்பப் போய் வாயத் திறப்பேங்கற? அந்தம்மாவுக்கு வேற வேலை கிடைச்சிருக்கும். உன் மூணு வருஷம் கிடைக்குமா? என் மூணு வருஷம் கிடைக்குமா?" கடைசி வார்த்தை வாயைவிட்டு வந்ததும் அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டைக் கையை மடித்து மடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அது அவனுடைய மூன்று வருடமும்தான். அவனை ஒரு வார்த்தை கேட்காமல்தான் செலவழித்துவிட்டேன்.

அண்ணி சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மா இப்ப எங்க வேலை பாக்குது?"

"தெரியல அண்ணி."

"தெரியாதா? நாலு மாசமாவா தெரியாது?"

கேட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வந்தும் அவள் என்னை ஆடிட்டரம்மா என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 1, புதன்

கடிதத்தை மேடம் மேசைமேல் வைத்தேன். "என்ன, பேர்ல தப்பா?" என்றார். கடைசிப் பத்தியில் தப்பு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, மின்விசிறி, புத்தகம், அத்தியாயத்தின் பெயர் உட்பட. இரண்டு பெட்டி திறந்ததாகச் சொன்னதையும், கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்த வேறு ஏணியையும்.

மேடம் கோபப்படுவார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "அந்தம்மா என்கிட்ட நேர்ல வந்தாங்க, தெரியுமா? அக்டோபர்ல. வாசல்ல உக்காந்திருந்தாங்க. எனக்கு நேரமில்லன்னு சொல்லச் சொன்னேன். உன்னைத்தான் கேட்டுட்டேனேன்னு" என்றார்.

மேசைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் கம்பெனிக்கும் எழுதணும், உரிமம் குடுக்கறவங்களுக்கும் எழுதணும். என் கையெழுத்தும் அதுல இருக்கு. நீ போ."

நேத்தே எதிரில் வந்தார், ஏதோ வேலை கொடுக்க. என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல்தடவையாக "மெதுவாப் பண்ணலாம்" என்றார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. தேர்வு மதிப்பெண் செல்லும். பயிற்சி செல்லாது. மூன்று வருடமும், முதல் நாளிலிருந்து, வேறு அலுவலகத்தில். அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் உரிமத்துக்கு மனுப் போடலாம். மேடத்துக்கு எச்சரிக்கை.

அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அழுதுவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு காலில்தான் இருந்தது.

மார்ச் 2

மேடம் அந்த அக்காவின் போன் நம்பரைக் கொடுத்தார். மூன்று முறை அடித்து, மணி போகும் முன்பே வைத்துவிட்டேன். நான்காவது முறை அவரே எடுத்துவிட்டார். யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வா. பதினோரு மணிக்கு. அவர் வீட்ல இருப்பாரு" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 5, ஞாயிறு

முதல் மாடி. கதவு திறந்தே இருந்தது. ஒரு மனிதர் தரையில் துணியை விரித்து மேசை விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர், வேன் ஓட்டுகிறவர். "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"உக்காராத" என்றார் அக்கா, உள்ளேயிருந்து வந்துகொண்டே. "நின்னுக்கிட்டே சொல்லு. அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

அவர் கணவர், "அதான் கம்பெனிலேருந்து லெட்டர் வந்துடுச்சே. பணத்தையும் திருப்பிட்டாங்களே. இன்னும் என்ன?" என்றார்.

"லெட்டர்ல 'பிழை நேர்ந்துவிட்டது'ன்னு போட்டிருக்கு. யார் பண்ணாங்க, என்ன பண்ணாங்கன்னு போடல. அதனாலதான் இவள வரச் சொன்னேன்."

சொன்னேன். இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்தான் எண்ணப் போனவள். எண்ணவில்லை. எண்ணியதாக எழுதினேன். உங்கள் மனைவி உண்மையைச் சொன்னபோது அவர் சொல்வது பொய் என்று ஆகும்படி நான் பொய் சொன்னேன். அவர் எதையும் எடுக்கவில்லை. அந்தக் குழாய்கள் அவர் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டன.

அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ஒரு பெட்டியக்கூடத் தூக்கிப் பாக்கலையா?"

"இல்லண்ணே."

"இவர் என்னை அடிக்கல, திட்டல" என்றார் அக்கா. என்னிடம்தான் சொன்னார், ஆனால் பார்த்தது அவரை. "ஊர்ல எவன் என்ன சொன்னாலும் நான் தாங்கிக்கிட்டேன். இவரு ஒரு நாள் சாப்பாடு போட்டு, பக்கத்துல உக்காந்து, 'எடுத்திருந்தா எங்கிட்ட சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், நமக்குள்ள இருக்கட்டும்'னாரு. பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அன்புலதான் கேட்டாரு. திட்டியிருந்தா பரவாயில்ல."

"நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார் அவர். முடிக்கவில்லை.

"தெரியும்" என்றார் அக்கா.

அக்கா தரையில் கிடந்த விசிறி இறக்கையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாவியக் கேக்கலியேன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு. நானும் கேட்டிருக்கணும். முட்டி வலி, முதல் நாளு, வாய மூடிக்கிட்டேன்" என்றார்.

அந்த நொடியில் என் மனம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. ஆமாம், நீங்களும் கேட்டிருக்கலாமே என்று. எழுதிவைக்கிறேன், மறைக்க வேண்டாம். வெட்கமாக இருக்கிறது.

"இல்லக்கா, அது உங்க வேலை இல்ல. என் வேலை" என்றேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"அது இப்ப எங்கிட்ட இல்லம்மா. இருந்தாக் குடுத்திருவேன்." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். இப்போது ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாராம். நின்றுகொண்டே செய்யும் வேலை. குழாய்க் கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். "சரி, கிளம்பு" என்றார்.

படி இறங்கும்போது பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அக்காவின் கணவர் குரல். அக்கா, "விடுங்க, விடுங்க. அழுவாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, திங்கள்

பயிற்சிக்குப் புதிதாகப் பதியும் இடத்தில் காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் இருபது வயதுப் பிள்ளைகள். ஒருத்தி என்னைப் பார்த்து "நீங்க யாருக்குத் துணையா வந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'இதற்கு முன் பயிற்சி ரத்தானதுண்டா? ஆம் எனில், காரணம்.' கௌண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தனிப்பட்ட காரணம்னு போடுங்க மேடம். எல்லாரும் அதான் போடுவாங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். போட்டேன். 'தனிப்பட்ட' வரை எழுதிவிட்டேன்.

இன்னொரு படிவம் வாங்கிக்கொண்டேன். இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. 'எண்ணாத சரக்கை எண்ணியதாகக் கையெழுத்திட்டேன்' என்று எழுதினேன். ஒரு வரி மிச்சம் இருந்தது. 'அதனால் ஒருவர் திருடி என்று வேலை இழந்தார். என்னைக் கேட்டபோது பொய் சொன்னேன்' என்று அதையும் நிரப்பினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.